சப்ளையர்கள் உட்கார்ந்த பந்தி

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தாண்டவில்லை என்பதைவிட, அந்த வகுப்பு வாத்தியார் என்னைத் தாண்ட விடவில்லை என்பதே சரி. இருந்தாலும் எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தால், கேட்ட ஆளெல்லாம் என் கடைக்குத்தான் கை காட்டியிருப்பார்கள். எதிர்க்கடைக்காரர் மட்டும் காட்டியிருக்க மாட்டார். என் கடைக்குள் போகிறவர்களை எண்ணவே அவருக்குக் கை போதாது.

ராஜபாளையத்தில் ஒரு மில் கேன்டீனில் டம்ளர் கழுவித் தொடங்கியவன் நான். கழுவியவன் சப்ளையர் ஆனேன். இடது கையில் ஆறு காபி டம்ளர், வலது கையில் தோள்வரை தோசைத் தட்டு என்று நான் நடந்து வந்தால், ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். சப்ளையராக இருந்தவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக் கடை போட்டுக் கல்லாவில் உட்கார்ந்தான், கல்லாவில் உட்கார்ந்ததும் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கதை அங்கேதான் கெட்டது.

என் கடையில் நேரம் என்று ஒன்று கிடையாது. காலையில் முதல் பஸ் வந்தால் கடை திறந்திருக்கும். ராஜபாளையம் மில்லில் இரண்டாவது ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் கடைசிப் பரோட்டாவைத் தின்று எழுந்தால் கடை மூடும். நடுவில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஆட்கள் மாவு மூட்டைக்குப் பின்னால் துண்டை விரித்துச் செத்த நேரம் கண்ணசருவார்கள். அது வேலை நேரமா, ஓய்வு நேரமா என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. சம்பளம் பேசுவதும் ஒரே வாக்கியம்தான். "சாப்பாடு போக இம்புட்டு." அந்தச் சாப்பாட்டைக் கடைசிப் பந்தி முடிந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே, இருப்பதை வழித்துச் சாப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். அதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

சமையலுக்கு ஒரு மாஸ்டர், டீக்கு ஒருவர், பரிமாற சப்ளையர்கள், எடுபிடிக்கு இரண்டு பேர். இவர்களோடு, எச்சில் இலை எடுத்து மேசை துடைத்துப் பாத்திரம் கழுவ ஒரு பெண். மம்சாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். என் மனைவி வயதுதான் இருக்கும். வாய் மட்டும் என் மனைவியைவிடக் கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்களைப் பார்த்து, "இலைய மூடிட்டுப் பேசுங்கய்யா, சோறு கேட்டுக்கிட்டு இருக்கு" என்பாள். நான் சொன்னால் சண்டை வரும். அவள் சொன்னால் சிரித்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓட்டல்காரர்களுக்குக் கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஓட்டல் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் உயர்த்தியிருக்கிறது, அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்கக்கூடாது, சட்டம் சொல்லும் நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று படித்தார். மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. தெலுங்கு வீட்டுக்காரர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு "அய்யய்யோ தேவுடா" என்றார். இன்னொருவர் எழுந்து, ரெண்டு பேரை நிறுத்திவிட்டு மருமகனைக் கொண்டுவந்து போடப்போகிறேன் என்றார். எல்லோரும் ஆளைக் குறைக்கிற பேச்சாகவே பேசினார்கள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எல்லோரும் அழுகிற இடத்தில் எனக்குச் சிரிக்கத் தோன்றும். அதிலும் மைக் இருந்தால் தாங்காது. எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். டம்ளர் கழுவிய கை இது என்று கையைத் தூக்கிக் காட்டினேன். தொழிலாளி வயிறு எனக்குத் தெரியும் என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"சட்டம் சொன்னதுக்கு ஒரு காசு குறைய மாட்டேன். என் கடையில ஒரு ஆளக்கூட நிறுத்தவும் மாட்டேன். யாரு வேணாலும் வந்து பாத்துக்கிடலாம்" என்றேன்.

கைதட்டல் விழுந்தது. தட்டியவர்களில் பாதிப் பேர் என் கெடுதலுக்குத் தட்டினார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, கடை எந்த இடம் என்று விசாரித்து, "ஒரு நாள் கட்டாயம் வர்றேன்" என்றார். எனக்கு மாலை போட்டது போல இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் மாலை கழுத்தை அறுக்க ஆரம்பித்தது. அந்தக் கூலியை என் கடை நேரத்தோடு சேர்த்துப் பார்த்தேன். இரட்டைக் கூலியைப் போடாமல் ஒரு நாளும் நகரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தபோது நான் கும்பிட்ட கும்பிடு அந்த வருடத்திலேயே பெரிய கும்பிடு.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கேட்டுவிட்டு, "மைக்க ஏன் உங்க கையில குடுத்தாக? வேற ஆள் கிடைக்கலையா?" என்றாள். பொறவு, "சரி, சொன்னது சொல்லியாச்சு. ஆள நிறுத்தினா ஊரு சிரிக்கும். கூலியக் குறைச்சா அந்த ஆபீசர் சிரிப்பாரு. எதக் குறைக்கப் போறீக?" என்றாள்.

படிக்காதவன் மூளை அப்போதுதான் வேலை செய்யும். இரவெல்லாம் யோசித்து, ஆளையும் குறைக்காமல் கூலியையும் குறைக்காமல் மற்ற எல்லாவற்றையும் குறைத்தேன். நேரத்தைக் குறைத்தேன். காலை ஆறு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரைதான் கடை. அதற்குப் பிறகு டீயும் வடையும் மட்டும், அதை நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்வோம். சாப்பாட்டையும் குறைத்தேன். இனி சாப்பாட்டுக்கு விலை. சாப்பிடுகிறவர் கூலியில் பிடித்துக்கொள்வேன். கல்லாவுக்கு மேலே பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு சட்டத்தை இன்னொரு சட்டத்தால் அடித்துவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

"உங்க கணக்குல பொண்டாட்டிக்கு எம்புட்டுக் கூலி?" என்று கேட்டாள் என் மனைவி. அந்தக் கேள்வி சட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இலை எடுக்கிற பெண்ணுக்குத்தான் பெரிய அடி. மதியச் சாப்பாட்டுக்குத்தானே இலை? காலையில் தட்டு. தட்டை எடுபிடிகள் கழுவிக்கொள்வார்கள் என்று நினைத்து, அவளைப் பதினொரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போகச் சொன்னேன். பாதி நாள், பாதிக் கூலி. சட்டப்படி சரி. ஆளை நிறுத்தவும் இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கூலிய ஒசத்தியிருக்காகன்னு டீக்கடையில பேசிக்கிட்டாகளே, அண்ணாச்சி. ஒசந்தது எனக்கு எங்க இருக்கு?"

"மணிக்கு ஒசந்திருக்கு" என்றேன்.

"மணியத்தான் குறைச்சிட்டீகளே" என்றாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது.

புதிய ஏற்பாட்டின் முதல் நாள். மதியப் பந்தி முடிந்தது. வழக்கமாக எல்லோரும் அடுப்படிக்குள் போய் நிற்கிற நேரம். அன்றைக்கு சப்ளையர்கள் வெளியே போய்க் கை கழுவிவிட்டு, முன் வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். நடு வரிசை மேசையில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே மாஸ்டர் வந்தார். டீக்காரர் வந்தார். எடுபிடிகள் வந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்னல?" என்றேன்.

மூத்த சப்ளையர் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "சாப்பாட்டுக்குக் காசு பிடிக்கீகல்ல, அண்ணாச்சி. இலை போடச் சொல்லுங்க."

யாரிடம் சொல்ல? இலை போடுகிறவர்கள் எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லாவை விட்டு எழுந்தேன். இலை போட்டேன், தண்ணீர் வைத்தேன், சோறு கொண்டுவந்தேன். பழைய சப்ளையர் அல்லவா, ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. எப்படிப் பரிமாற வேண்டும் என்று இந்தப் பயல்களுக்குக் காட்டுவோம் என்று நிமிர்ந்து நடந்தேன்.

"பொரியல் இடது பக்கம், அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

"அப்பளம் நொறுங்கியிருக்கு, வேற தாங்க" என்றான் இன்னொருவன்.

மாஸ்டர் தான் வைத்த ரசத்தைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு, "மண்டியக் கலக்காம தெளிவா ஊத்துங்க. காசு குடுத்துச் சாப்பிடுதோம்" என்றார்.

அதுவரை அடுப்படியில் நின்று ஒரு தட்டுச் சோற்றோடு போனவர்கள், அன்று மூன்று தடவை சோறு வாங்கினார்கள். மோருக்கு ஊறுகாய் கேட்டார்கள். நான் பிடித்த காசு அந்த ஊறுகாய்க்கே கட்டவில்லை. உள்ளே என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது தெரிந்தது. தினமும் இந்தப் பந்தி நடந்தது. தினமும் நான்தான் சப்ளையர். ஐம்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் பழைய உத்தியோகத்துக்கே வந்து சேர்ந்தேன், அதுவும் கூலி இல்லாமல்.

அந்தப் பந்தியில் மம்சாபுரத்துக்காரி மட்டும் உட்காரவில்லை. இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, மூன்று மணிக்குப் புடவையை உதறிக்கொண்டு போய்விடுவாள். நீ சாப்பிடலையா என்று ஒரு நாள் கேட்டேன். எனக்கு வேண்டாம், காசாகவே கொடுங்கள் என்றாள். அவள் போன பிறகு மூத்த சப்ளையர்தான் விஷயத்தைச் சொன்னான். அவள் என் கடையில் ஒரு நாளும் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. தன் பங்கைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் போவாள். அதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு ராச்சோறு. இத்தனை வருடம் நான் கல்லாவில் உட்கார்ந்து அந்தத் தூக்குவாளியைப் பார்த்திருக்கிறேன். குடிதண்ணீர் கொண்டு போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஆக, அவளுக்குக் கூலியும் பாதி, பிள்ளைகளுக்கு ராச்சோறும் இல்லை. அப்போதே கூப்பிட்டுச் சரி பண்ணியிருக்கலாம். ஆனால் ஏற்பாட்டில் ஓர் ஆணியைப் பிடுங்கினால் மொத்தமும் கழன்றுவிடும் என்று பயம். முதலாளி மாற்றிச் சொன்னான் என்று ஆகிவிடுமே என்ற ரோஷம் வேறு. சும்மா இருந்துவிட்டேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. மம்சாபுரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், சாயங்காலம் பணியாரச் சட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்கு ராத்திரிக்கு ஏதாவது வேண்டும், அதோடு நாலு பேருக்கு விற்றால் மாவுக் காசு வரும் என்று தொடங்கியது. ராத்திரி இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் என் கடை மூடியிருப்பதைப் பார்த்து அங்கே போனார்கள். என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் எதிரே வந்தபோது, கண்ணில் படுவதே இல்லையே என்று கேட்டேன். "நீங்கதான் சாத்திட்டீகளே, அண்ணாச்சி. காரப் பணியாரம் நல்லாத்தான் இருக்கு" என்றார். மழை வந்தால் அடுப்பு அணைந்துவிடும், ஒரு மாதம் தாங்காது என்று நான் சொன்னேன். அந்த வருடம் மழையும் எனக்குத் துணைக்கு வரவில்லை.

ஆடிப்பூரத் தேர் வந்தது. எங்கள் ஊரில் கடை வைத்திருப்பவனுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான். சுற்று வட்டாரம் முழுக்க ஊருக்குள் இருக்கும். காலையிலிருந்தே என் கடையில் நிற்க இடமில்லை. தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை, கூட்டம் கலையவும் இல்லை. மேலே கடிகாரம் மூன்று அடித்தது.

மூத்த சப்ளையர் கையில் சாம்பார் வாளியோடு கல்லாவுக்கு வந்து, மெதுவாகத்தான் கேட்டான்: "அண்ணாச்சி, இருக்கவா, போகவா?"

"இருந்தா?"

"ரெட்டக் கூலி. நீங்க மாட்டின கடிகாரம்தான்."

கடை நிறையச் சனம். எல்லாக் காதும் என் பக்கம். அங்கேயும் அந்த வியாதி வந்துவிட்டது. "யார்கிட்ட ரெட்டக் கூலி பேசுதே? நான் ஒத்தையில ஊருக்கே பரிமாறினவன். போங்கல" என்றேன்.

போய்விட்டார்கள். வாளியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு நடந்ததை என் மனைவி இன்றுவரை உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் சொல்கிறாள். நான் சொல்வது சுருக்கம். பழைய ஞாபகத்தில் இடது கையில் ஆறு டம்ளர் எடுத்தேன். கைக்கு ஞாபகம் இருந்தது, விரலுக்கு இல்லை. மூன்று கீழே விழுந்தன. ஆலங்குளத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவரின் வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டியது. எச்சில் இலை மலையாகக் குவிந்தது. உட்கார இடமில்லாமல் சிலர் பேசாமல் திரும்பிப் போனார்கள், பேசிவிட்டுப் போனவர்களும் உண்டு. சோறு தீர்ந்தது. உலை வைக்க மாஸ்டர் இல்லை.

அந்த நேரம் பார்த்து அந்த அதிகாரி மனைவி மக்களோடு உள்ளே வந்தார். தேர் பார்க்க வந்தவர், பசியோடு என் கடையைத் தேடி வந்திருக்கிறார். சுற்றிப் பார்த்தார்.

"ஆளையே காணோமே. எல்லாரையும் நிறுத்திட்டீங்களா?" என்றார்.

"நிறுத்தலை சார். நேரம் முடிஞ்சு போச்சு, அனுப்பிட்டேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாம்பாரில் நனைந்த என் சட்டையைப் பார்த்தார். "தேர் அன்னைக்குக்கூடச் சட்டப்படி நடத்துறீங்களே. உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்ல" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மனதாரத்தான் சொன்னார். பொறவு, பிள்ளைங்க பசியா இருக்காங்க, வேறு எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று கேட்டார். என் கடை வாசலில் நின்று இன்னோர் இடத்துக்கு நானே கை காட்டியது அன்றைக்குத்தான்.

வேப்பமரத்தடி வரை அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பார்த்தால், மம்சாபுரத்துக்காரி அண்டா நிறையப் புளிச்சோறு கிண்டி வைத்திருக்கிறாள். சுற்றிலும் கூட்டம். பணியாரச் சட்டிக்கு முன்னால் என் டீக்காரர். அண்டாவுக்குப் பின்னால் என் மாஸ்டர். இலையில் வைத்துக் கொடுக்கிறவர்கள் அம்புட்டுப் பேரும் என் சப்ளையர்கள், என் கடையில் கத்துகிற அதே ராகத்தில் "ஒரு புளிச்சோறு, ரெண்டு பணியாரம்" என்று கத்திக்கொண்டு.

"ஏலே, நம்ம கடை ஆளுகதானல நீங்க?" என்றேன்.

"மூணு மணி வரைக்கும்தான், அண்ணாச்சி" என்றான் மூத்தவன்.

"எம்புட்டுக் கூலி தாரா?"

"கூலியெல்லாம் பேசல. வயிறாரச் சோறு."

பக்கத்தில் நின்ற அதிகாரி, புளிச்சோறு பிரமாதம் என்றார்.

கூட்டம் குறைந்தபோது அவள் ஓர் இலையில் சோறு வைத்து என்னிடம் நீட்டினாள். நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரன் தேர் அன்றைக்குப் பட்டினி. நின்றுகொண்டே சாப்பிட்டேன். அந்தக் காலத்தில் கேன்டீன் அடுப்படியில் எப்படிச் சாப்பிட்டேனோ அப்படி. காசு எம்புட்டு என்று கேட்டேன்.

"கூலியில பிடிச்சுக்கிடுதேன்" என்றாள். சப்ளையர்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. நாளையிலிருந்து பழையபடி காலையிலேயே வந்துவிடு, முழு நாள், முழுக் கூலி, சாப்பாடும் உண்டு என்றேன். ஓடி வந்து கும்பிடுவாள் என்று ஒரு நினைப்பு எனக்கு. அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "காலையில வாரேன், மூணு மணி வரைக்கும் இருக்கேன். அதுக்குப் பொறவு இது என் கடை. சோத்தக் கூலியில சேக்காதீக, கூலியச் சோத்துல சேக்காதீக. தூக்குவாளி வேண்டாம், பிள்ளைகளுக்கு இங்கேயே ஆச்சு."

அப்படியே ஒப்புக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பிடிப்பதை நிறுத்தியதும் ஆட்கள் தாங்களாகவே அடுப்படிக்குத் திரும்பப் பார்த்தார்கள். நான்தான் விடவில்லை. மேசையில் உட்கார்ந்தே சாப்பிடுங்கள், ஆனால் நீங்களே பரிமாறிக்கொள்ளுங்கள் என்றேன். ராத்திரிக் கடையை மறுபடி திறந்தேன். அதற்கு ஆட்களை இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டியிருந்தது, இன்னும் ஓர் ஆளைச் சேர்க்கவும் வேண்டியிருந்தது. லாபம் குறைந்தது. விலையைக் கொஞ்சம் ஏற்றினேன். எதிர்க்கடைக்காரரும் ஏற்றினார். சனம் திட்டிக்கொண்டே சாப்பிட்டது. சட்டத்தால் கடை மூடிப் போகும் என்று மண்டபத்தில் அழுதவர்கள் பலரும் கடை நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு பேரை நிறுத்திவிட்டு மருமகனைப் போட்டவர் மட்டும், சில வருடம் கழித்து அந்த மருமகனை நிறுத்துவதற்கு ஆள் தேடினார்.

சில வருடங்களில் வேப்பமரத்தடி ஒரு கொட்டகை ஆனது. அவள் என் கடை வேலையை விட்டுவிட்டாள். ஒரு நாள் மதியம் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, பாத்திரம் கழுவ ஒரு பிள்ளைய வச்சிருக்கேன், எங்க ஊருப் பிள்ளைதான். அந்தக் கூலிச் சட்டம் எனக்கும் உண்டுமா?"

"உண்டும்" என்றேன்.

"சோத்தக் கழிச்சுக்கிடலாமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். முதலில் சிரித்தது அவள்தான். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, என்ன சிரிப்பு என்று கேட்டாள். தொழில் ஆலோசனை என்று சொன்னேன். அந்தப் பெண் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு, காசை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். டம்ளரை நானே எடுத்துக் கழுவினேன். அந்த வேலை மட்டும் கைக்கு மறக்கவே இல்லை.